சாக்ஸுக்குள் எந்த சென்சார்? மரத்துப்போன ஒரு காலுக்காகச் செய்த ஒப்பீடு

அம்மாவின் வலது கால் பெருவிரலை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. செருப்பின் அடியைத் துளைத்து ஏறிய ஒரு சின்ன ஆணியோடு காலையிலிருந்து நடந்திருக்கிறார். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றியபோது தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வலி துளியும் இல்லை. இருபது வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது.

புண் ஆறி வீட்டுக்கு வந்ததும் கண்டம் கழிந்தது என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். அது தப்பு. சர்க்கரை நோயால் வரும் பாதப்புண் ஒருமுறை ஆறினாலும், ஓர் ஆண்டுக்குள் நூற்றில் சுமார் 40 பேருக்கும், ஐந்து ஆண்டுக்குள் சுமார் 65 பேருக்கும் திரும்ப வருகிறது. புண்ணே வராத காலைவிட ஆறிய காலைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். என் மச்சான் திருப்பூரில் சாக்ஸ் பின்னும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். பாதத்தின் சூட்டை அளந்தால் புண் வருவதை முன்கூட்டியே அறியலாம் என்று படித்ததும், இருவரும் சேர்ந்து அம்மாவுக்கு ஒரு சாக்ஸ் செய்ய இறங்கினோம். துணிக்குள் எதை வைத்து அளப்பது என்ற ஒரு கேள்வியே எங்களைப் பல மாதம் இழுத்தடித்தது. இதே வேலையில் இறங்கும் மாணவர்களும், வீட்டில் இப்படி ஒரு கால் இருப்பவர்களும் அந்த மாதங்களை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

சூட்டை ஏன் அளக்க வேண்டும்?

மரத்த காலில் வலி போய்விடுகிறது. ஆனால் அழற்சி போவதில்லை. நடக்கும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தால் தோலுக்கு அடியில் திசு நைந்துபோகிறது. உடம்பு அதைச் சரிசெய்ய அங்கே ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது, அந்த இடம் சூடாகிறது. நடை நிற்காவிட்டால் ஒருநாள் தோல் உடைகிறது. சூடு முதலில், புண் பிறகு. நடுவில் சில நாளோ சில வாரமோ கிடைக்கிறது. நாம் பிடிக்க நினைப்பது அந்த இடைவெளியைத்தான்.

இந்தப் புரிதலுக்கும் வேலூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டே அழிகின்றன என்று காட்டியவர். 1960-களின் நடுவில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே வெப்பப்படக் கருவியை வைத்து, உணர்விழந்த பாதத்தில் எந்த இடம் கொதிக்கிறது என்று பார்க்கும் முறையைத் தன் குழுவோடு வளர்த்தார். தொழுநோய்க் காலுக்காகத் தொடங்கியது பின்னாளில் சர்க்கரைக் காலுக்கும் வந்துசேர்ந்தது. இன்று நம் மருத்துவமனைகளில் மரத்த காலுக்கு எழுதிக்கொடுக்கும், மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பும் அதே வழியில் வந்ததுதான்.

இதில் எனக்கு நம்பிக்கை தந்தது 2007-இல் அமெரிக்க ஆய்வாளர் லாவெரியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. ஏற்கெனவே பாதப்புண் வந்து ஆறிய 173 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 15 மாதம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொன்றுக்கு அதோடு தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தை முறையாகப் பார்க்கும் பயிற்சி, மூன்றாவதற்குச் சூட்டை அளக்கும் தெர்மாமீட்டர். முதல் இரு குழுக்களிலும் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குப் புண் வந்தது. தெர்மாமீட்டர் குழுவில் 8.5 பேருக்குத்தான் வந்தது. கண்ணால் பார்ப்பது மட்டும் பெரிதாக உதவவில்லை என்பதை நான் இரண்டு முறை படித்தேன். நாங்கள் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்! அதே ஆண்டில் 225 பேரை 18 மாதம் கவனித்த ஆர்ம்ஸ்ட்ராங் குழுவின் ஆய்விலும், அளந்தவர்களில் 4.7 சதவீதம், அளக்காதவர்களில் 12.2 சதவீதம் என்று வந்தது. சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல்களும், ஆபத்து அதிகமுள்ளவர்கள் வீட்டிலேயே தினம் ஒருமுறை அளப்பதைப் பரிசீலிக்கலாம் என்கின்றன.

விதி எளியது. இடது பாதத்தில் ஓர் இடம், வலது பாதத்தில் அதே இடம். இரண்டுக்கும் வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வித்தியாசம் குறையும்வரை நடையைக் குறைக்க வேண்டும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த விதியில் சென்சார் தேர்வுக்கான முக்கியமான ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. பாதம் 29 டிகிரியா 32 டிகிரியா என்பது நமக்குத் தேவையில்லை, வித்தியாசம்தான் தேவை. எல்லா சென்சாரும் அரை டிகிரி கூடுதலாகக் காட்டினாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரே மாதிரி கூடுதலாகக் காட்டினால் போதும். உடம்புக் காய்ச்சலை அளக்கும் சட்டைக்கு இது பொருந்தாது. அதற்குத் துல்லியம் வேண்டும். பாதத்துக்கு வேண்டியது ஒற்றுமை.

துணியே வேண்டுமா?

சென்சாருக்குப் போகும் முன் இதைக் கேட்டுக்கொண்டே ஆக வேண்டும். துணியில்லாத வழிகள் இரண்டு உண்டு.

ஒன்று, கையில் பிடிக்கும் இன்ஃப்ரா-ரெட் தெர்மாமீட்டர். மேலே சொன்ன ஆய்வுகளில் பயன்பட்டது இந்த வகைதான். கொரோனா காலத்தில் வாங்கியது பல வீடுகளில் இன்னும் இருக்கும். ஆனால் நெற்றிக்கான கருவி, அளந்த தோல் வெப்பத்தை உடம்பின் உள்வெப்பமாக மாற்றித்தான் திரையில் காட்டும். பாதத்தில் வைத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் முறைக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வசதி உள்ள கருவி இருந்தால், வீட்டில் தினமும் ஆறு ஆறு இடம் அளந்து நோட்டில் எழுத ஒருவர் இருந்தால், தயவுசெய்து அதையே செய்யுங்கள். சாக்ஸ் தேவையில்லை. எங்கள் வீட்டில் சிக்கல் என்னவென்றால் அம்மா பகலில் தனியாக இருக்கிறார். குனிந்து தன் உள்ளங்காலை அவரால் எட்ட முடியாது. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் கருவியைப் பிடிப்பதும் அவருக்கு முடியாது.

இரண்டாவது, பாதம் வைக்கும் பாய். அமெரிக்காவின் போடிமெட்ரிக்ஸ் செய்த பாயில் சுமார் 20 விநாடி நின்றால் போதும், இரு பாதங்களின் வெப்பப்படமும் கிடைத்துவிடும். 2017-இல் வந்த ஆய்வில் 129 பேரிடம், பின்னால் வந்த புண்களில் 97 சதவீதத்தை, சராசரியாக 37 நாள் முன்பே அது பிடித்தது. ஆச்சரியமான எண் இது. ஆனால் அதே 2.2 டிகிரி வரம்பில் 57 சதவீதம் பொய் எச்சரிக்கை. இது பாயின் குறை என்று நான் நினைக்கவில்லை. இடது கால் ஃபேன் காற்றில் இருந்தது, வலது காலை மடித்து உட்கார்ந்தது என்று ஆயிரம் காரணத்தால் ஒருநாள் வித்தியாசம் வரலாம். ஒருநாள் எண்ணை வைத்துப் பதறாமல், அடுத்த நாளும் அதே இடத்தில் அதே வித்தியாசம் வருகிறதா என்று பார்ப்பது எந்தக் கருவிக்கும் பொருந்தும். பாய் கையில் கிடைத்திருந்தால் நான் சாக்ஸ் வேலையில் இறங்கியிருக்க மாட்டேன். நம் பக்கத்துக் கடைகளில் அதை நான் பார்த்ததில்லை.

சாக்ஸுக்கு முன்னோடி சைரன் என்ற சான்பிரான்சிஸ்கோ கம்பெனி. பெருவிரல், முன்பாதத்தில் மூன்று இடம், நடுப்பாதம், குதிகால் என்று ஆறு இடங்களில் துணிக்குள்ளேயே சென்சார் வைத்த சாக்ஸை அவர்கள் கொண்டுவந்தார்கள். 2018-இல் 35 பேரிடம் நடந்த அவர்களுடைய ஆய்வில், சென்சார்களை நீர்த்தொட்டியில் வைத்துச் சோதித்தபோது தண்ணீரின் வெப்பத்தோடு 0.2 டிகிரிக்குள் ஒத்துப்போயின. இந்த ஆறு இடக் கணக்கையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்கு வலது பெருவிரல் இல்லாததால் ஒப்பிட ஜோடி இல்லை. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுகிறோம். அது அரைகுறை ஏற்பாடுதான், வேறு வழியில்லை.

சாக்ஸுக்கு எதிரான பெரிய வாதம் நம் ஊர் வெயிலே சொல்லிவிடும். வீட்டுக்குள் யார் சாக்ஸ் போடுகிறார்கள்? செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலில் நடப்பதுதான் நம் வழக்கம். குளிர்நாட்டில் காலை முதல் இரவுவரை காலிலிருக்கும் பொருள் இங்கே அரைமணி நேரம்கூடத் தங்காது. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் எங்கள் வேலை சுலபமானது. நாள் முழுக்க அளக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்ததும் சாக்ஸைப் போட்டுக் கால் நீட்டிக் கால்மணி நேரம், அவ்வளவுதான். நடந்த கால் அடங்கவும் துணியும் சென்சாரும் தோலின் சூட்டுக்கு வரவும் அந்த நேரம் தேவை. தினம் ஒருமுறை என்பதுதான் ஆய்வுகள் சொன்னதும்.

இனி சென்சார்

முதலில் என் மச்சான் விரும்பியதைச் சொல்கிறேன். மெல்லிய உலோகக் கம்பியை நூலோடு சேர்த்துப் பின்னிவிடுவது. வெப்பம் ஏறினால் உலோகத்தின் மின்தடை ஏறும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹுசைன், கென்னன் ஆகியோர் பின்னல் துணிக்குள் கம்பியைப் படுக்கையாக ஓட்டி இப்படி உணரித் துணி செய்து 2013-இல் எழுதியிருக்கிறார்கள். பின்னுபவர் கண்ணுக்கு இது அழகு. சில்லு இல்லை, முடிச்சு இல்லை, காலில் எதுவும் உறுத்தாது, மெஷினிலேயே வந்துவிடும். எனக்கும் ஆசைதான். கணக்குப் போட்டுப் பார்த்ததும் ஆசை அடங்கியது.

0.05 மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 8.8 ஓம். ஓர் இடத்தில் ஒரு மீட்டர் கம்பியை வளைத்து வளைத்து ஓட்டுகிறோம் என்று வையுங்கள். செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் மாறும், அதாவது 0.034 ஓம். நமக்கு வேண்டிய 2.2 டிகிரி வித்தியாசம் மொத்தமே 0.08 ஓம்தான். சாக்ஸையும் மின்பெட்டியையும் இணைக்கும் பிரஸ் பட்டனை ஒருமுறை கழற்றி மாட்டினாலே அந்த அளவு மாறிவிடும். வியர்வை உப்பு பட்டனில் படிந்தால் இன்னும் மோசம். நான்கு கம்பி வைத்து அளந்தால் பட்டனின் தடையைக் கழித்துவிடலாம். ஆறு இடத்துக்கு நான்கு நான்கு என்றால் கணுக்காலில் ஒரு கேபிள் கட்டே வரும். சாக்ஸ் இழுபடும்போது கம்பியும் இழுபட்டு மின்தடை மாறும். அப்புறம் ஒரு மீட்டர் கம்பி பரவியிருக்கும் இடம் முழுவதின் சராசரியைத்தான் அது சொல்லும். ஒரு ரூபாய்க் காசளவு இடம் கொதித்தாலும் சுற்றியுள்ள குளிர்ந்த தோல் அந்த எண்ணைக் கரைத்துவிடும். நெருப்பணைப்பவரின் கோட்டுக்குள், முதுகு முழுவதின் சராசரிச் சூடு வேண்டுமென்றால் இந்தக் கம்பிப் பின்னல் பொருத்தமாக இருக்கலாம். பாதத்துக்குச் சரிவராது.

இரு வேறு உலோகக் கம்பிகள் சேரும் இடத்தில் எழும் மின்னழுத்தத்தை வைத்து வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளை விரைவாகவே கைவிட்டேன். ஒரு டிகிரிக்கு சுமார் 40 மைக்ரோவோல்ட் மட்டுமே தரும். நைலான் துணி உரசும்போது எழும் மின்னூட்டத்தின் நடுவே அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இணைப்பும் அதே உலோகத்தில் இருக்க வேண்டும். உலைக்குப் பயன்படுவது உலைக்கே இருக்கட்டும்.

துணியில் அச்சடிக்கும் மை பற்றி மாணவர்கள் ஆவலாகக் கேட்கிறார்கள். கார்பன் மை, மின்கடத்தும் பாலிமர் மை, எல்லாவற்றிலும் ஆய்வுக்கூட முடிவுகள் நன்றாக வருகின்றன. ஆனால் பெடாட்-பி.எஸ்.எஸ். போன்ற பாலிமர் ஈரத்தை உறிஞ்சினாலே அதன் மின்தடை மாறும். கார்பன் மை துணி மடங்கினால் மாறும். பாதத்தில் ஈரமும் உண்டு, மடிப்பும் உண்டு. சூடு எது, வியர்வை எது என்று பிரிக்க முடியாத எண்ணை வைத்து ஒரு காலை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒளியிழைக்கும் (ஆப்டிகல் ஃபைபர்) அதே நோய்தான், வேறு வடிவில். ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பியனுப்பும் பிராக் கீற்று போட்ட கண்ணாடி இழையில் அந்த அலைநீளம் டிகிரிக்கு 10 பிகோமீட்டர் மாறும். நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இழுப்பே அதே மாற்றத்தைத் தந்துவிடும். படிக்கும் கருவியும் வீட்டில் வைத்துக்கொள்ளும் விலையில் இல்லை. பெரிய காந்தப்புலம் உள்ள எம்.ஆர்.ஐ. அறைக்குள் அளக்க வேண்டியவர்கள் இதைப் பார்க்கட்டும்.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்குள்தான், நாங்கள் சண்டை போட்டதும் இங்கேதான்.

டிஜிட்டல் சில்லு முதலாவது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டி.எம்.பி.117 சில்லு மைனஸ் 20-இலிருந்து 50 டிகிரிவரை 0.1 டிகிரிக்குள் சரியாகச் சொல்லும். 2 மில்லிமீட்டர் சதுரம். அளவை எண்ணாகவே அனுப்புவதால் கம்பியின் மின்தடை, பட்டனின் அழுக்கு எதுவும் அளவைக் கெடுக்காது. வந்தால் சரியான எண் வரும், இல்லாவிட்டால் எண்ணே வராது. மருத்துவப் பயன்பாட்டில் இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். கல்லூரி லேப்களில் கிடக்கும் டி.எஸ்.18பி20-ஐ இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் துல்லியம் 0.5 டிகிரி. இரண்டு சேர்ந்தால் ஒரு டிகிரிவரை தவறலாம், நம் 2.2 டிகிரியில் பாதி அங்கேயே போய்விடும்.

சில்லின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சில்லுக்கும் மின்சாரம், தரை (கிரவுண்ட்) கம்பி, இரண்டு தகவல் கம்பி என்று நான்கு இணைப்பு. ஒரே தகவல் கம்பியில் நான்கு டி.எம்.பி.117-க்கு மட்டுமே தனி முகவரி தர முடியும். நமக்கு ஒரு காலுக்கு ஆறு வேண்டும், ஆக இன்னொரு பிரிப்பான் சில்லு. சில்லை நேரே நூலில் சால்டர் செய்ய முடியாது, ஒரு குட்டி சர்க்யூட் பலகை வேண்டும். பலகை என்றால் விறைப்பு, விளிம்பு, மூலை.

இந்த இடத்தில்தான் நான் எலெக்ட்ரானிக்ஸ்காரனாக யோசிப்பதை நிறுத்தி அம்மாவின் மகனாக யோசிக்க வேண்டியிருந்தது. மரத்த காலின் அடியில் கடினமான எதை வைத்தாலும் அது செருப்புக்குள் கிடக்கும் கல்தான். நமக்கென்றால் ஒரு நொடியில் உதறிவிடுவோம். அம்மாவுக்குத் தெரியாது. புண்ணைத் தடுக்கச் செய்த சாக்ஸே புண்ணை உண்டாக்கினால் அதைவிடக் கொடுமை இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கான சாக்ஸில் விரல் தையலைக்கூடத் தட்டையாகச் செய்வது இதற்காகத்தான்.

இரண்டாவது என்.டி.சி. தெர்மிஸ்டர். வெப்பம் ஏறினால் மின்தடை குறையும் ஒரு சின்னச் செராமிக் துண்டு. 0402 என்ற அளவில் வாங்கினால் 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். கடுகைவிடச் சிறியது. 25 டிகிரியில் 10,000 ஓம் உள்ளதை எடுத்தால் டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம், அதாவது 400 ஓம் மாறும். மேலே செம்புக் கம்பிக்குப் போட்ட அதே கணக்கை இங்கே போடுங்கள். பட்டனில் ஒரு ஓம் கூடினாலும் தவறு 0.0025 டிகிரிதான். கடத்தும் நூலின் மின்தடை 50 ஓம் என்றாலும் தவறு 0.12 டிகிரி, அதுவும் இரு காலிலும் ஒன்றேபோல் இருந்தால் கழிந்துவிடும். சாதாரண மைக்ரோகன்ட்ரோலரின் 12 பிட் அளவீட்டிலேயே டிகிரிக்கு நாற்பது படிக்குமேல் கிடைக்கும். சென்சார் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று, ஆக ஆறு சென்சாருக்கு ஏழே கம்பி.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் டிலக் டயஸின் குழு இந்தத் துண்டை நூலுக்குள்ளேயே கொண்டுபோனது. மெல்லிய செம்புக் கம்பியில் தெர்மிஸ்டரைச் சால்டர் செய்கிறார்கள், புற ஊதா ஒளியில் இறுகும் பிசினால் சின்ன உருளையாக மூடுகிறார்கள், சுற்றிலும் இழைகளை நிரப்பி மேலே ஒரு பின்னல் உறை போடுகிறார்கள். வெளியே பார்த்தால் சற்றுத் தடித்த நூல், அவ்வளவுதான். அதை வைத்துச் சாக்ஸும் செய்து காட்டினார்கள். சில்லைத் துணிமேல் ஒட்டுவதற்கும் நூலுக்குள் புதைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொட்டுப் பார்த்தால்தான் புரியும்.

தெர்மிஸ்டருக்கும் குறை உண்டு. மின்சாரம் ஓடினால் அதுவே கொஞ்சம் சூடாகும். இவ்வளவு சிறிய துண்டுக்கு ஒரு மில்லிவாட்டே ஏறக்குறைய ஒரு டிகிரி ஏற்றிவிடும். அதனால் அளக்கும் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். இரண்டாவது, கடையில் வாங்கும் துண்டுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும். பன்னிரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, கலக்கிக்கொண்டே இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் மூழ்கவைத்து, 28 டிகிரியிலும் 35 டிகிரியிலும் ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொண்டு, அந்த வித்தியாசத்தை நிரலில் கழித்தோம். நமக்கு வேண்டியது ஒற்றுமை என்று சொன்னேன் அல்லவா, அது ஒரு சாயங்கால வேலையில் கிடைத்துவிட்டது. விலை உயர்ந்த சில்லுக்குக் கொடுக்கும் காசு எதற்காகவோ, அதை ஒரு வாளித் தண்ணீர் கொடுத்துவிட்டது.

துவைக்கும் கல்லும் பிழியும் கையும்

எங்கள் முதல் சாக்ஸ் நான்காவது துவைப்பில் போனது. தெர்மிஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிசின் உருளையின் கடினமான விளிம்பில் கம்பி வெளியே வரும் அந்த ஒரு புள்ளியில் முறிந்திருந்தது. பிழியும்போது துணி முறுக்கும், பிசின் முறுக்காது, நடுவில் மாட்டும் கம்பிதான் அடிவாங்கும். வாஷிங் மெஷினைவிட நம் கைப்பிழிச்சல் கொடியது. ஒற்றைக் கம்பிக்குப் பதில் பல இழைகளை முறுக்கிய எனாமல் செம்புக் கம்பியையும், பிசின் முனையில் கொஞ்சம் மென்மையான சிலிக்கோனையும் கொடுத்த பிறகு தாக்குப்பிடிக்கிறது. வெள்ளி பூசிய நைலான் நூல் பார்க்க நன்றாக இருந்தாலும் வியர்வையில் கறுத்து மின்தடை ஏறிவிடுகிறது. மச்சானுக்கு அதில்தான் பின்ன வசதி. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கழற்றி மாட்டும்படி செய்தால் துவைப்புப் பிரச்சினையே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990-களின் பின்பகுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் சுந்தரேசன் ஜெயராமன் குழு செய்த சட்டை அந்த வழியில் போனதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போனவர் அவர். துணிக்குள் கம்பி வலை நிரந்தரம், சென்சாரை வேண்டிய இடத்தில் செருகிக்கொள்ளலாம். மார்பிலும் இடுப்பிலும் அது அருமையான ஏற்பாடு. சட்டையிலோ, உப்பளத்தில் வெயிலில் நிற்பவருக்கான பனியனிலோ நான் செய்தால் அந்த வழியையே எடுப்பேன், அங்கே டி.எம்.பி.117 சில்லையும் தயங்காமல் வைப்பேன். பாதத்தின் அடியில் செருகும் பொருத்தி வைக்க இடமில்லை. அதனால் எங்கள் சாக்ஸில் சென்சாரும் கம்பியும் துணியோடு நிரந்தரம். பேட்டரியும் ரேடியோவும் உள்ள பெட்டி மட்டும் கணுக்காலுக்கு மேலே பிரஸ் பட்டனில் கழலும்.

ஆக நாங்கள் எடுத்த முடிவு: பிசினில் மூடிய 0402 தெர்மிஸ்டர், காலுக்கு ஆறு, உட்கார்ந்தே போடும் சாக்ஸ். அதைப் போட்டு நடக்கக் கூடாது என்பதை அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பாதத்தில் எடை விழாதவரை ஒரு மில்லிமீட்டர் உருளை உறுத்த வழியில்லை. நாள் முழுவதும் போட்டு நடக்கும் சாக்ஸைச் செய்ய நினைப்பவர்கள், நூலுக்குள் முழுமையாகப் புதைக்கும் வசதி கையில் வரும்வரை, சொந்தக் காலில் எத்தனை முறை சோதித்தாலும் மரத்த காலில் போட்டுப் பார்க்காதீர்கள். சொந்தக் காலுக்கு வலி தெரியும், அதனால் அந்தச் சோதனை செல்லாது.

இந்த அளவீடு எல்லாக் காலுக்கும் உதவாது. காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அழற்சி இருந்தாலும் சூடு ஏறாமல் போகலாம். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு பாதம் முழுவதும் வீங்கிச் சிவந்து மற்றதைவிடச் சூடாக இருந்தால் அது எலும்பு நொறுங்கும் ஷார்கோ பாதமாக இருக்கலாம். மறுநாள் அளந்து பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், அதுவரை அந்தக் காலை ஊன்றக் கூடாது.

போன மாதம் மூன்று நாள் தொடர்ந்து அம்மாவின் இடது முன்பாதத்தின் வெளிப்பக்கம் 2.6, 2.9, 2.7 என்று காட்டியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தொட்டாலும் எனக்குப் புரியவில்லை. புதிதாக வாங்கிய செருப்பை எடுத்துப் பார்த்தேன். வார் உள்ளே மடிந்து அந்த இடத்தில் ஒரு முண்டு இருந்தது. பழைய எம்.சி.ஆர். செருப்பைக் கொடுத்தோம், மருத்துவரிடம் காட்டினோம், கோயிலுக்கு நடந்து போவதை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்கு அதில்தான் வருத்தம். எட்டாம் நாள் எண் 0.8.